ஒன்பது டப்பாவும் ஒரு புளியங்கொட்டையும்

போன மாதம் ஒரு பெண் வந்தது. மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஏதோ ஒரு அமைப்பிலிருந்து வருகிறதாம். சிறுதொழில் நடத்துகிற பெண்கள் வேலையை எப்படித் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று புத்தகம் கொண்டுவரப் போகிறார்களாம். கமுதிச் சந்தையில் விசாரித்திருக்கிறது. எவனோ எங்கள் அக்கா ராக்குவின் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வழியும் காட்டி அனுப்பிவிட்டான்.

எங்கள் வீட்டுச் சுவர்ப் பலகையில் ஒன்பது பால்மாவு டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. அக்கா தொழிலை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. டப்பாக்களை மட்டும் எடுத்துப்போட விடமாட்டேன் என்கிறாள். அந்தப் பெண் அவற்றை நேராக நின்றும் சாய்ந்து நின்றும் படம் எடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, டப்பாவில் புளியங்கொட்டை போட்டு, ஒரே நேரத்தில் ஒன்பது கரிமூட்டங்களைக் கணக்காக நடத்தினாள் என்றதும் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்லையாம்மா?" என்று கேட்டது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பார்வையுள்ள கண்ணால் ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா. நீ காப்பியக் குடி" என்றாள்.

அந்தப் பெண்ணும் நம்பி எழுதிக்கொண்டு போய்விட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எழுதுவதென்றால் முழுசாக எழுத வேண்டும். பாதியை எழுதி, மீதியைக் காப்பியோடு விழுங்கிவிட்டுப் போவது என்ன நியாயம்? அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் சோணைமுத்து. பத்தாவது பாஸ். அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

கரிமூட்டம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் மழை பொய்த்தால் நிலம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற நிலத்தில் சீமைக் கருவேலம் தானாக முளைத்து மண்டிவிடும். ஏழெட்டு வருஷம் கழித்து நிலத்துக்காரருக்கு மறுபடி உழ வேண்டும் என்று தோன்றும்போது, மூட்டக்காரர்களைக் கூப்பிடுவார். நாங்கள் ஆள் விட்டு வெட்டி, தூரைப் பறித்து, விறகைக் கோபுரமாக அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி மண் பூசுவோம். அடியில் தீ வைப்போம். சுற்றிலும் சின்னச் சின்ன வாய் விட்டிருப்போம். விறகு எரியக்கூடாது, மூச்சு முட்டிப் புழுங்க வேண்டும். எரிந்தால் சாம்பல், புழுங்கினால் கரி. 

எப்போது வாயை அடைப்பது என்பதைப் புகைதான் சொல்லும். முதலில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாய் வரும். நாளாக ஆகப் பழுப்பாகும். கடைசியில் மெல்லிசாக நீலம் தட்டும். நீலம் வந்துவிட்டால் உள்ளே வேலை முடிந்தது என்று அர்த்தம். வாய்களை அடைத்து மூன்று நாள் ஆறவிட்டு, பிறகு மண்ணை விலக்கிப் பிரிக்கலாம். எங்கள் மண்ணில், எங்கள் அளவு மூட்டத்துக்கு, தீ வைத்த நாளையும் சேர்த்துப் பத்தாம் நாள் அடைப்பு, பதிமூன்றாம் நாள் பிரிப்பு. நீலம் வராமல் அடைத்தால் உள்ளே நெருப்பு செத்தது மாதிரி படுத்திருக்கும். மண்ணை விலக்கிக் காற்றுப் பட்டதும் எழுந்து உட்காரும். ஆகவே மூட்டக்காரிக்குக் கண்தான் சோறு. கண் மங்கிய மூட்டக்காரிக்கு எந்த நிலத்துக்காரனும் காட்டைக் கொடுக்கமாட்டான்.

அக்காவுக்கு 1974இல் கல்யாணம். மச்சான் சின்னக்கருப்பன் நல்ல மூட்டக்காரர். 81இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மூன்று நாளில் கேதம் முடிந்தது. நாலாம் நாள் அக்கா அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினாள். பாதியில் புகைந்துகொண்டிருந்த மூட்டம் இரண்டு இருந்தது. அதைப் பார்க்க வேறு ஆள் இல்லை. அழுவதற்கு இருந்த நாட்களையும் அந்த மூட்டங்கள் தின்றுவிட்டன என்று பிற்பாடு ஒரு தடவை சொன்னாள்.

அதன்பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு காட்டில் வெட்டு நடக்கும், இன்னொரு காட்டில் அடுக்கு நடக்கும், வேறொன்றில் புகையும். ஒன்று ஆறும்போது இன்னொன்றைப் பிரிக்க வேண்டும். கரி வியாபாரி பாக்கர் பரமக்குடியிலிருந்து லாரி அனுப்பும் நாளில் மூட்டை தயாராக இருக்க வேண்டும். விடியும் முன் எழுந்து காட்டுக்குக் காடு நடப்பாள். மழைக்காலத்தில் மூட்டம் கிடையாது, ஆனால் சொந்தக் காடு இரண்டு ஏக்கரில் விதைப்பும் களையும் வந்துவிடும். வருஷத்தில் எந்த நாளும் அவளுக்கு வெறும் நாளாக இருந்ததில்லை. 

நான் பரமக்குடியில் ஜவுளிக்கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். 85இல் கடையை மூடிவிட்டார்கள். வேறு போக்கில்லாமல் அக்காவிடம் வந்து சேர்ந்தேன். வந்ததும் நான் செய்த முதல் காரியம், நீளமான ஒரு ரிஜிஸ்தர் வாங்கியது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். காடு, வெட்டு, அடுக்கு, தீ, அடைப்பு, பிரிப்பு, லாரி என்று ஏழு கட்டம். சிவப்பு மையில் தலைப்பு. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான்டா இருக்கு. இதுல மழை எந்தக் கட்டத்துல பெய்யும்?" என்றாள்.

வேலையாட்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் விடாமல் எழுதினேன். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது தேவையே இல்லை. எந்த மூட்டத்துக்கு எத்தனையாம் நாள் என்பது அவள் தலைக்குள் இருந்தது. தூரத்தில் நின்று புகையைப் பார்ப்பாள். "அது நாளைக்கு அடைக்கணும், இது இன்னும் ரெண்டு நாளு கெடக்கட்டும்" என்பாள். சொன்னால் சொன்னதுதான்.

டப்பாக்கள் பிறகு வந்தவை. 89ஆம் வருஷம் ஒரு காலை, சுவர்ப் பலகையில் அவள் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டத்துக்கு ஒரு டப்பா. தீ வைத்த அன்று ஒரு புளியங்கொட்டை, பிறகு தினம் காலையில் ஒன்று. டப்பாவுக்குள் கையை விட்டு எண்ணுவாள். பத்தானால் அடைப்பு, பதிமூன்றானால் பிரிப்பு. பிரித்ததும் கொட்டைகளை அள்ளி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்வாள். அதே கொட்டைகள்தான் மறுபடி டப்பாவுக்கு வரும்.

"ரிஜிஸ்தர் இருக்கும்போது இதென்னக்கா சின்னப் பிள்ளை விளையாட்டு?" என்றேன்.

"வயசாகுதுல்லடா. மறதி" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. நானும் அதை நம்பினேன். பத்தாவது பாஸ் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் படிப்பு இதற்குத்தான் உதவியது.

கண்ணில் ஏதோ கோளாறு என்பது மட்டும் தெரியும். புகையிலேயே பதினைந்து வருஷம் நின்றவள். கண்ணைக் கசக்குவாள், "லேசா மசமசன்னு இருக்கு" என்பாள். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கமுதிப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான். பார்த்து எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விடுவார்கள். இரண்டு வருஷம் கூப்பிட்டேன். இரண்டு வருஷமும் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றாள்.

பிரச்சினை முகாமுக்குப் போகிற மூன்று நாளில் இல்லை. ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் புகைப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாற்பது நாள்! அவளுக்கு நாலு நாளே கிடைத்ததில்லை. ஒரு மூட்டம் அணையும்போது அடுத்தது பற்றியிருக்கும். 

91இல் நான் முடிவு பண்ணினேன். இந்த வருஷம் அந்த நாற்பது நாளை என் ரிஜிஸ்தரிலிருந்து எடுத்துக் கொடுத்தே தீருவது. பின்னாலிருந்து முன்னால் எண்ணினேன். முகாம் பஸ் கிளம்பும் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை கடைசி மூட்டத்தைப் பிரித்தாக வேண்டும் என்றால், அதற்கு எந்தத் திங்கட்கிழமை தீ வைப்பது, அதற்கு என்று அடுக்கை முடிப்பது, அதற்கு எத்தனை ஆள் என்று எல்லாம் கட்டம் கட்டமாக எழுதினேன். புதிதாக வந்த இரண்டு காட்டை வேண்டாம் என்றேன். பாக்கரைப் பார்த்து லாரி நாளைப் பேசினேன். உச்சிப்புளியில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா மகள் முத்தழகுக்குக் கடிதம் போட்டேன். நாற்பது நாளும் வந்திருந்து தாயைக் கவனிக்கிறேன் மாமா என்று அவளும் பதில் எழுதினாள்.

அக்காவிடம் ரிஜிஸ்தரைக் காட்டிச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அந்த வெற்றுக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இம்புட்டும் சும்மா கெடக்குமா?" என்றாள்.

"இம்புட்டும்."

"நெசமாவா சோணை?"

அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று தெரிந்தது. தலைகீழாக நின்றாவது இதை நடத்திக் காட்டுவது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மூட்டம் நான் எழுதிய நாளிலேயே முடிந்தது. எனக்கு நடையே மாறிவிட்டது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒன்பதாவது, நாகநாதன் காட்டு மூட்டம். நாகநாதன் பெரிய நிலத்துக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் சொன்ன நாள் தவறினால் பேசமாட்டார், முறைப்பார். தீ வைக்கிற திங்கட்கிழமையிலிருந்து பதினைந்தாம் நாள் அவர் காட்டில் டிராக்டர் இறங்க வேண்டும். அதற்குள் காடு காலியாக வேண்டும்.

தீ வைக்க வேண்டிய திங்கள் காலையில் வேலையாட்கள் ஒருவர்கூட வரவில்லை. பக்கத்து ஊரில் கேதம். செத்தவர் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் பங்காளி, மீதிப் பேருக்குச் சம்பந்தி. கேதத்துக்குப் போகாமல் வேலைக்கு வா என்று எங்கள் பக்கத்தில் எவனும் வாயைத் திறக்க முடியாது. கட்டையில் போகும்போது நமக்கு யார் வருவார்கள் என்கிற பயம் எல்லாருக்கும் உண்டு. அக்காவும் மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு போய்விட்டாள். மூட்டத்துக்குச் செவ்வாய்தான் தீ வைத்தோம்.

ஒரே நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளில் பிரிப்பு சனியிலிருந்து ஞாயிறுக்குப் போய்விட்டது. ஞாயிறு காலையில் பஸ்.

"நீ கெளம்பி பஸ்ல போக்கா. ஞாயித்துக்கெழம நானே பிரிச்சுக்கிறேன்" என்றேன்.

"நாலு பொம்பளக கைய விடுற எடம்டா அது. மூட்டக்காரி பக்கத்துல இல்லாம அவளுகளக் கைய வைக்கச் சொல்லமாட்டேன்" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "விடு. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மாதம் முதுகு ஒடியப் போட்ட திட்டம், செத்துப்போன எவனோ ஒருவனால் நாசமாவதா? எத்தனையோ மூட்டக்காரர்கள் பன்னிரண்டாம் நாளில் பிரித்திருக்கிறார்கள். விறகு காய்ந்திருந்தால் புகை ஒரு நாள் முன்னாடியே நீலமாகும். இதுவும் காய்ந்த விறகுதான். அப்படியே ஆகாவிட்டாலும் என்ன? அடைக்கப் போகும்போது அக்கா புகையைப் பார்ப்பாள். சரியில்லை என்றால் அடைக்காமல் வந்துவிடுவாள். கேடு ஒன்றும் இல்லை.

இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எட்டாம் நாள் சாயங்காலம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அடுக்களையில் புளிப்பானைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கொட்டையை எடுத்து ஒன்பதாவது டப்பாவில் போட்டேன். டொக் என்று சத்தம் கேட்டது. என் ரிஜிஸ்தரிலும் செவ்வாயை அடித்துத் திங்கள் என்று எழுதினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது யாருக்காகச் சொன்னதோ.

மறுநாள் காலை நான் முகாம் சீட்டு வாங்கக் கமுதிக்குப் போய்விட்டேன். நீளமான வரிசை. திரும்பி வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. நாகநாதன் காட்டு மூட்டத்தை அடைத்தாகிவிட்டது என்றார்கள்.

"அடச்சாச்சாக்கா?" என்றேன்.

"அடச்சாச்சு. கொட்டை பத்தாச்சுல்ல" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. புகையைப் பார்த்துத்தான் அடைத்திருப்பாள், என் கணக்கு தப்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன். முகாம் சீட்டை அவள் கையில் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. பாக்கரும் லாரியோடு வந்து நின்றார். முத்தழகு முந்தின நாளே வந்திருந்தாள், அவளும் காட்டுக்கு வந்தாள். வேலைக்காரப் பெண்கள் நாலு பேரும் சாக்கு, சல்லடையோடு தயாராக நின்றார்கள். பிரிக்கும்போது முதல் மண்ணை எப்போதும் அக்காதான் விலக்குவாள். மற்றவர்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியைப் போடுவாள். அன்றைக்கும் அப்படித்தான். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அன்று ஐந்து பொணம் விழுந்திருக்கும்.

மண்ணை இழுத்தாள். ஒரு வினாடி ஒன்றும் இல்லை. பிறகு குப்பென்று ஆள் உயரத்துக்குத் தீ வந்தது. அக்கா முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு மல்லாந்து விழுந்தாள். நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். பெண்கள் மண்ணை வாரி வாரி இறைத்தார்கள். முன் தலைமுடி பொசுங்கிவிட்டது. முழங்கையிலிருந்து விரல் வரை இரண்டு கையும் வெந்துபோய்த் தோல் சுருண்டிருந்தது. பாக்கர்தான் அவளைத் தூக்கி லாரியில் வைத்தார்.

"அல்லா காப்பாத்துனான். கையக் குறுக்க கொடுத்துச்சு, கண்ணுல படல. கண்ணு தப்பிச்சுது தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

மூட்டம் மத்தியானத்துக்குள் எரிந்து சாம்பலாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, என் திட்டம் முடிந்த லட்சணம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிளம்பும்போது அக்கா ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தாள். புண் ஆறாமல் ஆபரேஷனுக்குச் சேர்க்கமாட்டோம் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். நாற்பது நாள் ஓய்வு மட்டும் கிடைத்தது. அதை அவள் வெந்த கையோடு கழித்தாள்.

தீப்பிடித்த அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி வராந்தாவில் முத்தழகு என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தாள்.

"மாமா, அம்மாவுக்குக் கண்ணு எம்புட்டுத் தெரியுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"மசமசன்னு இருக்குன்னு சொல்லும்."

"நேத்து வந்ததுலருந்து பாக்குறேன். செம்புத் தண்ணிய டம்ளருக்கு வெளிய ஊத்துது. நான் வாசல்ல நிக்கேன், யாருன்னு கேக்குது. புடிச்சு உலுக்கிக் கேட்டேன், அப்பத்தான் சொல்லுச்சு. ரெண்டு வருசமா அதுக்குப் புகையோட நெறமே தெரியல மாமா. வெளிய தெரிஞ்சா எவனும் காடு குடுக்கமாட்டான்னு மூச்சுக் காட்டாம இருந்திருக்கு. டப்பாவுல கொட்டை போட்டு எண்ணி எண்ணித்தான் ஓட்டியிருக்கு."

இரண்டு வருஷம். டப்பாக்கள் வந்து இரண்டு வருஷம்.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்று கேலி செய்தேனே, அது அவளுடைய கண்ணாக இருந்திருக்கிறது. அந்தக் கண்ணுக்குள்தான் நான் விரலை விட்டு ஆட்டியிருக்கிறேன். முத்தழகிடம் சொல்ல வாய் வரவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறகில் ஈரம் இருந்திருக்கும் என்று நாகநாதனிடம் சொன்னாள். அவர் முறைக்கவில்லை, டிராக்டரைத் தள்ளிவைத்துக்கொண்டார், ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி அனுப்பினார்.

அதற்கடுத்த ஒரு வருஷமும் நான் விடிந்ததும் எல்லாக் காட்டுக்கும் போய்விடுவேன். ஒவ்வொரு மூட்டத்துக்கு முன்னாலும் நின்று புகையைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து, பல் விளக்கிக்கொண்டே, பொதுவாகப் பேசுகிற மாதிரி, "மேலக்காட்டுல இன்னும் வெள்ளையாத்தான் வருது. கம்மாக்கரைல நீலம் தட்டிருச்சு" என்பேன். அவள் டப்பாவில் கொட்டையைப் போடுவாள். அவளுக்குக் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அலுப்பாக இருக்கும். மனதுக்குள் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு தினம் ஆறு மைல் நடப்பது லேசான வேலை இல்லை.

மறுவருஷம் ஆவணி முகாமுக்கு ஒரு மூட்டமும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். நல்ல காடு நாலு போனது, போகட்டும் என்று விட்டேன். அந்த ஆபரேஷனில் அவளுக்கு இடது கண்ணில் பார்வை வந்தது. வலது கண் வரவில்லை. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் எத்தனையோ பேரிடம் சொல்கிற வார்த்தைதான், எனக்குக் காலம் பூராவும் போதுமானதாக இருந்தது. ஒற்றைக் கண்ணோடு அவள் 2003 வரை மூட்டம் போட்டாள். பிறகு முட்டு வலி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முகாம் பஸ்ஸில் நடந்தது. மதுரைக்குப் போகிற வழியில், பார்த்திபனூர் தாண்டியிருக்கும். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தேன். தழும்பு ரோஸ் நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. இனி தாங்காது என்று தோன்றியது.

"அக்கா, நாகநாதன் காட்டு டப்பாவுல ஒரு கொட்டை கூடக் கெடந்துச்சுல்ல. அத நாந்தான் போட்டேன்."

அவள் திரும்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"ஏங்கொட்டையெல்லாம் சுருக்குப்பையில கெடந்து கெடந்து வழவழன்னு இருக்கும். அது நாரும் புளியுமாப் பிசுபிசுன்னு இருந்துச்சு. கைய விட்டதுமே தெரிஞ்சுபோச்சு. வீட்டுல வேற யாரு இருக்கா, நீதான்."

"தெரிஞ்சுமா போயி அடச்ச? அதுக்கு என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்லக்கா?"

"ஏலே, எதுக்கு அடிக்க?" என்றாள். இப்போது என் பக்கம் திரும்பினாள். என் முகம் இருக்கும் இடம் சரியாகத் தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபடி பேசினாள். "எனக்குப் புகை தெரியலங்கிறத நீ எப்பிடியோ கண்டுபிடிச்சுட்டன்னு நெனச்சேன்டா. நீயே காட்டுக்குப் போயி புகையப் பாத்துட்டு, நீலம் வந்துருச்சு, இத அக்காகிட்ட வாயவிட்டுச் சொன்னா அவ மனசு நொந்துபோவான்னு, சத்தங்காட்டாம ஒரு கொட்டையப் போட்டுருக்கன்னு நெனச்சேன். நம்ம தம்பிக்கு எம்புட்டு அறிவு, எம்புட்டுப் பாசம்னு, அடுப்படியில ஒக்காந்து அழுதுட்டுத்தான் அன்னைக்கு அடைக்கப் போனேன்."

பஸ் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை நீட்டி என் தோளைத் தேடினாள், முதலில் சீட்டுக் கம்பிதான் அகப்பட்டது, பிறகு தோள் கிடைத்தது. மதுரை வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.